இலகு ஸ்போர்ட்ஸ் காரில் சுகமாகப் போக எந்த டயர், எத்தனை அங்குல வீல்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது. இங்கிலாந்தில் 2001-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறீர்கள், 1.8 லிட்டர் எஞ்சின். முன்பு வைத்திருந்தவர் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் வீலும் 205/40 டயரும் போட்டிருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் குண்டும் குழியுமான கிராமத்துச் சாலைகளில் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, பக்கத்தில் உட்காரும் மனைவி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை என்கிறார். வண்டியின் சுறுசுறுப்பு கெடாமல் சுகத்தைக் கூட்ட எந்த அளவு வீல், எந்த டயர் போடலாம்?

15 அங்குலத்துக்கு இறங்குங்கள். மாஸ்டாவே இந்தக் காருக்குக் கொடுத்த 6 அங்குல அகல வீல் பழையதாகக் கிடைத்தால் அதுவே போதும். அதில் 195/50 ஆர்15 அளவில், சாதாரண லோடு வகை டயர் (கூடுதல் சுமைக்கென்று விறைப்பாகச் செய்யாதது), காற்று 26 பிஎஸ்ஐ. இந்த எண்களில் 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 50 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது வீலின் அங்குலம். இதைச் செய்தாலே நீங்கள் சொல்லும் குலுக்கலில் பெரும்பகுதி போய்விடும் என்று நம்பிச் சொல்வேன். மீதி எங்கிருந்து வருகிறது, அதற்கு டயர் ஏன் மருந்தாகாது என்பதையும் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் எடைக் கணக்கு. உங்கள் கார் 1,050 கிலோவை ஒட்டி இருக்கும். ஓட்டுபவரையும் சேர்த்தால் ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 280 கிலோ. ஒரு பெரிய செடானில் இதே கணக்கு 450 கிலோவைத் தொடும். இரண்டு கார்களிலும் ஒரே டயரை ஒரே காற்றழுத்தத்தில் மாட்டினால், அந்த டயர் ஒரு ஸ்பிரிங்காகக் காட்டும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். கல்லின் மேல் ஏறும்போது அது மேல்நோக்கித் தள்ளும் விசையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் அந்த விசை 450 கிலோவை அசைப்பதைவிட 280 கிலோவை அதிகமாக அசைக்கும். கனமான காரில் "பரவாயில்லை" என்று தோன்றும் டயர் இலகு காரில் கல் மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். கடையில் விற்கும் 17 அங்குல 205/40 டயர்களில் பெரும்பாலானவை எம்எக்ஸ்-5-ஐவிடக் கனமான கார்களை மனத்தில் வைத்துச் செய்தவை. அவை தாங்கக்கூடிய சுமையில் பாதிக்குச் சற்று மேல்தான் உங்கள் கார் அவற்றின்மேல் வைக்கிறது, அந்தச் சுமைக்கு அவை வளைந்தே கொடுப்பதில்லை.

இரண்டாவது, சைடுவால். அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கும் டயரின் பக்கச் சுவர். 205/40 ஆர்17-இல் அதன் உயரம் 82 மில்லிமீட்டர். 195/50 ஆர்15-இல் 97.5. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 1989-இல் வந்தபோது போட்டிருந்த 185/60 ஆர்14-இல் 111. இந்த 15 மில்லிமீட்டர், 29 மில்லிமீட்டர் வித்தியாசங்களைக் காகிதத்தில் பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் டயர் முழு உயரத்துக்கும் நசுங்குவதில்லை. உங்கள் காரின் எடையில் நிற்கும்போது அது ஒன்றரை சென்டிமீட்டர் போலத்தான் நசுங்கியிருக்கும். குழி விளிம்பில் மோதும்போது ரிம்மைத் தொடாமல் இன்னும் எவ்வளவு நசுங்க இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே 15 மில்லிமீட்டர் பெரிய விஷயம். பிப்ரவரி, மார்ச்சில் உறைபனி உருகியபின் பிரிட்டன் சாலைகளில் வாய் பிளக்கும் குழிகளில் 40 சீரிஸ் டயர் போட்ட ரிம்கள் வளைவதும் விரிசல் விடுவதும் இதனால்தான்.

மூன்றாவது, சக்கரத்தின் எடை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் சுமை என்று இதைச் சொல்வார்கள். வீல், டயர், பிரேக், வீலைப் பூட்டும் ஹப், அதைப் பாடியோடு இணைக்கும் ஆர்ம்களின் ஒரு பகுதி எல்லாம் இதில் சேரும். சாலையின் ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் இந்தச் சுமை துள்ளும். ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) அதைத் திரும்பக் கீழே பிடித்து அமுக்க வேண்டும். உங்கள் காரில் ஒரு மூலைக்கு இது 30 கிலோவுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். மலிவான வார்ப்பு 17 அங்குல வீல் 9 கிலோவும் அதற்கு மேலும் வரும். நல்ல இலகுவான 15 அங்குல வீல், உதாரணமாக என்கெய் ஆர்பிஎஃப்1 மாதிரி ஒன்று, நாலரை கிலோவுக்குள் அடங்கும். டயரிலும் கொஞ்சம் குறையும். ஒரு மூலைக்கு நாலைந்து கிலோ குறைந்தால் துள்ளும் சுமையில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு டன் எஸ்யூவியில் இதே நாலு கிலோ யாருக்கும் தெரியாது.

மேல்கூரை இல்லாத காரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூரை இல்லாததால் பாடி கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை என்ற வேகத்தில் துள்ளும்போது, அந்த நடுக்கம் பாடிக்குள் ஏறி, டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் உள்கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும். ஸ்கட்டில் ஷேக் என்று பிரிட்டனில் சொல்வது இதைத்தான். உங்களுடையது இரண்டாம் தலைமுறைக் கார், அது முதல் தலைமுறையைவிட விறைப்பானது, ஆனாலும் இந்த நடுக்கம் முழுதாகப் போகவில்லை. கனமான சக்கரம் அதை உசுப்பிவிடும். பலர் "பாடி தளர்ந்துவிட்டது, குறுக்குக் கம்பி வெல்ட் செய்ய வேண்டும்" என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள். அதற்கு முன் இலகுவான சக்கரத்தைப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

சரி, 15 நல்லது என்றால் 14 இன்னும் நல்லதா? சுகத்துக்கு மட்டும் கேட்டால் ஆமாம். 185/60 ஆர்14 போட்ட முதல் தலைமுறைக் காரை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மிருதுவாகப் போகும் என்பது தெரியும். சாலையோடு பேசிக்கொண்டே போகிற ஒரு தளர்வு அதில் இருக்கும். ஆனால் உங்களுக்கு நான் 14-ஐச் சொல்லாமல் இருக்க இரண்டு காரணம். ஒன்று, பிரேக். இரண்டாம் தலைமுறையில் சாதாரண 1.8 கார்களுக்கு முன்பக்க டிஸ்க் 255 மில்லிமீட்டர், 14 அங்குல வீல் அதன்மேல் உட்காரும். ஆனால் 2001-க்குப் பிந்திய சில ஸ்போர்ட் வகைகளுக்கு 270 மில்லிமீட்டர் டிஸ்க் வந்தது. அதற்கு 15 அங்குலமாவது வேண்டும். உங்கள் கார் எது என்று டிஸ்க்கை அளந்து பார்த்துவிடுங்கள். இரண்டாவது காரணம், 14 அங்குலத்தில் இன்று கிடைக்கும் டயர்கள் ஏறக்குறைய எல்லாமே சிறிய குடும்பக் கார்களுக்கானவை. சுகமாக இருக்கும், மழையிலும் பழுதில்லை, ஆனால் வேகமாக வளைவில் திரும்பும்போது உங்களுக்கு வேண்டிய கூர்மை அதில் குறைவு. 195/50 ஆர்15-இல் இன்னும் தேர்வு அதிகம்.

15 அங்குலத்திலேயே 195/55 போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சைடுவால் 107 மில்லிமீட்டர் ஆகும், சுகமும் கூடும். ஆனால் டயரின் மொத்த விட்டம் 576-இலிருந்து 595 மில்லிமீட்டராக வளர்கிறது, மூன்று சதவீதத்துக்கு மேல். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது சட்டம். பெரும்பாலான ஸ்பீடோமீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் ஒருவேளை தப்பிக்கும், ஆனால் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இப்போது நீங்கள் போட்டிருக்கும் 205/40 ஆர்17-இன் விட்டமும் 596-தான். அதாவது 195/50 ஆர்15-க்கு மாறினால் கியர் விகிதம் மூன்று சதவீதம் குட்டையாகும். மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு நூறு சுற்றுச் சொச்சம் கூடுதலாகச் சுழலும். மோட்டார்வேயில் இரைச்சல் மிகக் கொஞ்சம் கூடும், மலைச் சாலையில் இழுவை மிகக் கொஞ்சம் கூடும். எனக்கு இது லாபமான பேரம்.

அகலத்தில் பேராசைப்படாதீர்கள். 205/50 ஆர்15 போட்டால் சைடுவால் 102 மில்லிமீட்டர் ஆகிறதே, இன்னும் சுகம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த அளவில் கிடைக்கும் டயர்களில் நிறைய டிராக் ஓட்டத்துக்கான விறைப்பு டயர்கள். அதோடு பலர் அதை 7, 8 அங்குல அகல ரிம்மில் மாட்டுகிறார்கள். ரிம் அகலமாக இருந்தால் சைடுவால் வெளிப்பக்கமாக இழுபட்டு விறைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் கூர்மையாகும், குலுக்கலும் கூடும். 195/50-க்கு 6 அங்குல ரிம் என்பது டயர் செய்பவர்களே அளவெடுக்கப் பயன்படுத்தும் அகலம். சுவர் இயல்பாகக் கொஞ்சம் புடைத்து நிற்கும், அந்தப் புடைப்புதான் அடியை வாங்கும்.

இனி டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதில் யாரும் பார்க்காத ஒரு விஷயம். அளவுக்குப் பிறகு வரும் எண் சுமைக் குறியீடு. 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 84 என்றால் 500, 88 என்றால் 560. சில டயர்களில் அதன் பக்கத்தில் எக்ஸ்எல் என்று போட்டிருக்கும். கூடுதல் சுமைக்காகக் கூடுதல் காற்றழுத்தத்தில் ஓட உடற்கட்டை விறைப்பாகச் செய்தது என்று பொருள். 17 அங்குல 205/40 டயர்களில் எக்ஸ்எல்தான் பெரும்பாலும் கிடைக்கும். உங்கள் காருக்கு அது எந்த நன்மையும் செய்யாது. 195/50 ஆர்15-இல் 82 என்று போட்ட சாதாரண லோடு டயர் எளிதாகக் கிடைக்கும். 26 பிஎஸ்ஐ காற்றிலும் அது 350 கிலோவுக்கு மேல் தாங்கும், உங்கள் தேவையோ 280 சுற்றி. ஆக, வாங்கும்போது எக்ஸ்எல் வேண்டாம் என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் பெயர், ஒரே அளவில்கூட இரண்டு வகையும் இருப்பதுண்டு. ரன்ஃபிளாட் டயரை யாராவது விற்கப் பார்த்தால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். காற்று இல்லாமலே காரைத் தாங்க வேண்டும் என்று கட்டிய சுவர் எங்கே வளைந்துகொடுக்கும்?

எந்த மாடல் டயர் என்பதில் ஒருவருக்கு ஒரு கருத்து இருக்கும். என் கருத்து, இந்தக் காருக்கு மென்மையான சுவரும் மழையில் நல்ல பிடிப்பும் உள்ள சாதாரண கோடைகால டயர்தான் சரி. பிரிட்டனில் எம்எக்ஸ்-5 ஓட்டுபவர்களிடம் யுனிராயல் ரெயின்ஸ்போர்ட் பல வருடமாக நல்ல பெயர் எடுத்திருப்பது சும்மா இல்லை. சுவர் மென்மை, மழையில் நம்பிக்கை, விலையும் அதிகமில்லை. வறண்ட சாலையில் வேகமாகத் திருப்பும்போது அது கொஞ்சம் நெளியும், ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்லும். டிராக்குக்குப் போகிறவர்களுக்கு அது பிடிக்காது. யோகோஹாமா நியோவா, டோயோ ஆர்888ஆர் போன்றவை அந்த உலகத்துக்கானவை. உங்கள் மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை வேல்ஸுக்குப் போக அவை தேவையே இல்லை, குளிரிலும் மழையிலும் சூடேறாமல் உங்களைப் பயமுறுத்தவும் செய்யும். குளிர்காலத்திலும் காரை வெளியே எடுப்பீர்கள் என்றால் மிஷெலின் கிராஸ்கிளைமேட் போன்ற நாலு பருவத்துக்குமான டயர் மோசமான யோசனை இல்லை. அதன் தரையில் படும் பகுதி மென்மையாக இருப்பதால் சுகமும் இருக்கும். டயரோடு வரும் ஐரோப்பிய லேபிளில் எரிபொருள், ஈரப் பிடிப்பு, வெளிச்சத்தம் மூன்றும் இருக்கும். சுகத்துக்கு அதில் மதிப்பெண் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

"சாதாரண டயர் போட்டால் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு டோயோட்டா ஜிடி86-இன் கதையைச் சொல்வேன். 2012-இல் அந்தக் கார் வந்தபோது அதன் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா தெரிந்தே போட்ட டயர் மிஷெலின் பிரைமசி எச்பி, 215/45 ஆர்17. அதே டயர் ப்ரியஸ் ஹைபிரிட்டிலும் போட்டதுதான். பிடிப்பு ஓர் அளவோடு நின்றால் சாதாரண வேகத்திலேயே காரின் பின்பக்கம் நகர்வது ஓட்டுபவருக்குப் புரியும், பயமில்லாமல் விளையாடலாம் என்பது அவர்கள் எண்ணம். வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு ஒட்டும் டயர் மாட்டினார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தத் தேர்வில் இருந்த அறிவை நான் மதிக்கிறேன். பிரிட்டனின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான கேட்டர்ஹாம் 2013-இல் கொண்டுவந்த செவன் 160-ஐப் பாருங்கள். 490 கிலோ எடை, சுசூகியின் 660 சிசி எஞ்சின், 155/65 ஆர்14 டயர். ஒரு சின்னக் குடும்பக் காரின் டயர் அது. அந்தக் காரை ஓட்டியவர்கள் யாரும் பிடிப்பு போதவில்லை என்று அழவில்லை.

பிரிட்டனின் இன்னொரு இலகு ஸ்போர்ட்ஸ் காரான லோட்டஸ் எலிஸிலும் இதே பாடம் இருக்கிறது. 1996-இல் 725 கிலோ என்று அறிவித்து வந்த கார். முன்னால் 185/55 ஆர்15, பின்னால் 205/50 ஆர்16. சைடுவால் இரண்டிலும் நூறு மில்லிமீட்டருக்கு மேல். 2000-களில் இரண்டாம் தலைமுறை வந்தபோது பார்வைக்காக வீல் பெரிதானது, ஆனால் முன்னால் 175/55 ஆர்16 என்று அகலத்தைக் குறைத்துக் கொண்டார்கள். பின்னால் 225/45 ஆர்17, அங்கேயும் சுவர் 101 மில்லிமீட்டர். முன்சக்கரக் காற்றழுத்தம் 25 பிஎஸ்ஐக்குச் சற்று முன்பின்தான். மென்மையான ஸ்பிரிங், நல்ல டேம்பர், உயரமான சுவர், குறைந்த காற்று என்பது நார்ஃபோக்கின் ஹெத்தலில் இருக்கும் அந்தக் கம்பெனி காலங்காலமாகப் பிடித்துவைத்திருக்கும் வழி. அதன் கார்கள் கிராமத்துச் சாலைகளில் மிதந்துபோவதற்கு அதுதான் காரணம்.

இப்போது காற்று. பணமே செலவில்லாத மருந்து இது, நாளைக்கே செய்து பார்க்கலாம். டயர் கடையிலும் சர்வீஸிலும் எந்தக் கார் வந்தாலும் 32, 34 பிஎஸ்ஐ அடித்து அனுப்புவது வழக்கம். குடும்பக் காருக்கு அது சரி. எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறைக்கு மாஸ்டா சொன்னது 26, இன்றைய நாலாம் தலைமுறைக்கு 29. டயரின் விறைப்பு காற்றழுத்தத்தோடு ஏறக்குறைய நேராகவே ஏறுவதால், 26 இருக்க வேண்டிய இடத்தில் 34 இருந்தால் நீங்களே கையால் ஸ்பிரிங்கை இறுக்கியதற்குச் சமம். கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு எழுதியிருப்பதைப் பாருங்கள். நல்ல கேஜ் ஒன்று வாங்கி, காலையில் வண்டி நகரும் முன் அளவெடுங்கள். பத்து டிகிரி குளிர் கூடினால் ஒன்று முதல் ஒன்றரை பிஎஸ்ஐ தானே இறங்கும், அதனால் அக்டோபரில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை சரிசெய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: இப்போதைய 40 சீரிஸ் டயரில் அவசரப்பட்டு 26-க்கு இறக்க வேண்டாம். சுவர் குட்டையாக இருப்பதால் குழியில் ரிம் அடிபடும். 29 வரை இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் அதிலேயே தெரியும்.

டயரின் வயதையும் பாருங்கள். சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வார இறுதியில் மட்டும் ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். தரையில் படும் பகுதியின் பள்ளங்கள் ஆழமாக இருக்கும், பார்க்கப் புதிதாகத் தெரியும், ரப்பர் மட்டும் காய்ந்து கெட்டியாகியிருக்கும். அப்படிப்பட்ட டயர் குலுக்கும், சத்தம் போடும், மழையில் வழுக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும் என்பதால் பிரிட்டனில் கார்களுக்கு நடக்கும் எம்ஓடி தகுதிப் பரிசோதனையில் அது தேறிவிடும். பத்து வயது டயரோடு சஸ்பென்ஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

அப்புறம் முக்கியமான விஷயம். குலுக்கலில் இரண்டு வகை இருக்கிறது, டயர் ஒன்றுக்குத்தான் மருந்து. சாலை மூட்டுகளிலும் குழி விளிம்பிலும் "தட், தட்" என்று கூர்மையாக முதுகெலும்பில் ஏறுவது ஒன்று. இது டயர், காற்று, சக்கர எடை சம்பந்தப்பட்டது. நீளமான மேடுபள்ளத்தில் காரின் உடம்பே எழும்பி விழுவது, ஒருமுறை அசைந்தால் அடங்காமல் இன்னொருமுறை அசைவது மற்றது. இது டேம்பரும் ஸ்பிரிங்கும். எந்த டயர் போட்டாலும் இது மாறாது. பிரிட்டனில் இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சாலை நடுவில் பதித்திருக்கும் கேட்ஸ் ஐ பிரதிபலிப்பான்கள்மேல், பின்னால் யாரும் வராதபோது, பாதுகாப்பான ஒரு லேன் மாற்றத்தில் ஏறிப் பாருங்கள். அங்கே சுரீரென்று அடித்தால் டயர்ப் பக்கம் தேடுங்கள். அங்கே பரவாயில்லாமல், அலையலையான கிராமச் சாலையில் மட்டும் தூக்கிப்போட்டால் டேம்பர்ப் பக்கம் தேடுங்கள்.

உங்கள் காருக்கு இருபது வயதைத் தாண்டிவிட்டது. டேம்பர் முதலில் போட்டதாகவே இருந்தால் அது செத்திருக்கும். முன்பு வைத்திருந்தவர் 17 அங்குலம் போட்டவர் என்றால், சக்கர வளைவில் இடைவெளி தெரியாமல் இருக்க ஸ்பிரிங்கையும் தாழ்த்தியிருக்கலாம். அதைக் கட்டாயம் பாருங்கள். இந்தக் கார்களில் சஸ்பென்ஷன் அசைய இருக்கும் தூரமே குறைவு. மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் முட்டும். அந்த முட்டலை டயர் அடிப்பது என்று நினைத்துக்கொள்வது மிக எளிது. பழைய கார்களில் அந்த ரப்பரே உதிர்ந்து தூளாகியிருக்கும், இரும்பில் இரும்பு மோதும். சக்கரத்தைக் கழற்றும்போது டேம்பர் தண்டைச் சுற்றிய தூசுக் குழாயைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தாழ்த்திய ஸ்பிரிங் இருந்தால் கம்பெனி உயரத்துக்குத் திரும்புவது, 17-இலிருந்து 15-க்கு இறங்குவதைவிடப் பெரிய மாற்றமாகக்கூட இருக்கலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதலில் வீல், டயர், காற்று. ஒரு மாதம் ஓட்டுங்கள். அப்புறம் டேம்பர்.

எல்லா இலகு காருக்கும் 15 அங்குலம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் ஒருவர் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். 2015-இல் வந்த அந்தக் காரின் 1.5 லிட்டர் வகைக்கு 195/50 ஆர்16, 2 லிட்டருக்கு 205/45 ஆர்17. சைடுவால் வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்தான், ஆனால் 16 அங்குலத்தில் எடை குறைவு, அகலம் குறைவு. அதில் போட்டிருந்த யோகோஹாமாவின் சுவரும் 17-இல் போட்டிருந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்001-ஐவிட மென்மை. நான் அதில் 16-ஐத்தான் எடுப்பேன். ஜப்பானில் 990 கிலோவுக்கு இறங்கிய கார் அது, கிராம் கிராமாக எடையைக் குறைக்க வீலை நாலு நட்டில் பூட்டினார்கள். அந்த உழைப்பை மேலே அலங்கார வீல் மாட்டி வீணாக்குவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய சில்லறை விவரங்கள். உங்கள் காருக்கு நட்டு அமைப்பு 4 x 100 (100 மில்லிமீட்டர் வட்டத்தில் நாலு நட்டு), நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். வெளிக்கம்பெனி வீலின் துளை பெரிதாக இருக்கும். இடையில் வளையம் போட்டு ஹப்போடு இறுக்கமாக உட்கார வைக்க வேண்டும். இந்த மாடலுக்குச் சக்கர பேலன்சிங் மிக முக்கியம். சில கிராம் தப்பினாலும் மணிக்கு 60, 65 மைலில் ஸ்டீயரிங் நடுங்கும், அதையும் மக்கள் டயரின் விறைப்பு என்று நினைக்கிறார்கள். ஆஃப்செட் எண் (வீல் ஹப்பில் உட்காரும் தளம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பது) 40-ஐச் சுற்றி இருக்கட்டும். அதிலிருந்து வெகுவாக விலகினால் ஸ்டீயரிங் பள்ளங்களை இழுத்துக்கொண்டு ஓடும். இப்போது இருப்பது கம்பெனி அளவு இல்லை என்பதால் இன்சூரன்ஸுக்கு அது தெரியுமா என்று பாருங்கள். வீல் மாற்றம் பிரிட்டனில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்று. மாஸ்டாவின் சொந்த 15 அங்குலத்துக்குத் திரும்புவதையும் ஒரு வரியில் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

மாட்டும்போது நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்கள். மாஸ்டா கொடுத்த வரம்பு 88 முதல் 118. காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு அனுப்பினால் வீட்டுக்கு வந்து தளர்த்தி நீங்களே மறுபடி இறுக்குங்கள், ஐம்பது மைல் ஓடியபின் இன்னொருமுறை பாருங்கள். அன்றைக்குக் காலையில் காற்றையும் அளந்துவிடுங்கள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் 34 அடித்திருப்பார்.